புத்தூர்க் கணனியும் குருநாகல் ரிக்கற்றும்

சகல பொதுசனங்களுக்கும், விசேடமாக எண்களில் நம்பிக்கை வைத்திருப்போருக்கும், இத்தால் அறியத் தருவது: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டு மாசி மாதம் தொடக்கம், புத்தூரில் தியாகராசா வீட்டு விறாந்தையில் இருந்த கணனி, வாராந்த லொத்தரின் முதற் பரிசு எண்ணைச் சீட்டிழுப்புக்கு நாலு நாள் முந்தியே பிழையில்லாமல் சொல்லிவந்தது. பதினெட்டு வாரம் தொடர்ந்து சொன்னது. அந்தப் பதினெட்டு வாரமும் புத்தூரில் ஒருவருக்கும் ஒரு சதமும் விழவில்லை. காரணம் எளிது. லொத்தர் ரிக்கற்றில் எண் ஏற்கெனவே அச்சடித்து வரும். நமக்குப் பிடித்த எண்ணைச் சொல்லி வாங்க முடியாது. வெல்லப்போகும் எண் புத்தூருக்குத் தெரியும். அந்த எண் அச்சடித்த ரிக்கற்றோ மாத்தறையில் யாரோ ஒரு லொத்தர் வியாபாரியுடைய சைக்கிள் பலகையில் தொங்கும். கணனிக்கு நிரல் எழுதும்போது இந்தச் சின்ன விஷயம் தியாகராசாவுக்குத் தோன்றவில்லை.

தியாகராசா குவைத்தில் பதினொரு வருடம் பண்டகசாலை எழுதுவினைஞராக இருந்தவர். திரும்பி வரும்போது ஒரு கணனி, அதை இணைக்க ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, ‘கணிதவித்தகர்’ என்ற பட்டம் ஆகிய மூன்றையும் கொண்டுவந்தார். முதலிரண்டுக்கும் சுங்கத்தீர்வை கட்டினார். நாலு வருடச் சீட்டிழுப்பு முடிவுகளைப் பழைய பத்திரிகைகளிலிருந்து பொறுக்கிக் கணனிக்குள் ஏற்றினார், எண் பிழைத்தது. வாக்கிய பஞ்சாங்கத்தைச் சேர்த்தார், பிழைத்தது. அதை எடுத்துவிட்டுத் திருக்கணித பஞ்சாங்கத்தைப் போட்டார், அதுவும் பிழைத்தது. கோயில் கொடியேற்றத்துக்கு எந்தப் பஞ்சாங்கம் என்று ஏற்கெனவே இரண்டு கட்சியாக நின்ற ஊர், இப்போது கணனிக்கு எது என்று சண்டைக்கு வந்தது. சமாதானத்துக்காக இரண்டையும் போட்டார். அந்த வாரம் எண் சரியாக வந்தது. இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துப்போகாத சில நாழிகைகளில்தான் அதிர்ஷ்டம் பதுங்கியிருக்கிறது என்று பொதுக்கூட்டத்தில் அவர் விளக்கினார். பொன்னாடை போர்த்தினார்கள். லொத்தர் விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் அமைந்தது. பஞ்சாங்கத்துக்கு ஒருவராக இரண்டு உபதலைவர்கள்.

பத்தொன்பதாம் வாரம் தியாகராசா நிரலைத் திருத்தினார். அதன் பின் ரிக்கற் தொங்கும் ஊரையும் கணனி சொன்னது. முதலில் அம்பாந்தோட்டை, அடுத்த வாரம் பதுளை. மூன்றாம் வாரம் ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, குருநாகல் பஸ் நிலையம், மூன்றாவது கடை, மேல் வரிசை என்று வந்தது. ஆழ்வாப்பிள்ளை போய் வாங்கிவர வேண்டும் என்று சங்கம் ஏகமனதாகத் தீர்மானித்தது. ஆழ்வாப்பிள்ளை சங்கத்தில் உறுப்பினர் அல்லர்.

அவர் தியாகராசாவின் தங்கை சிவக்கொழுந்தின் புருஷன். குருநாகலில் பதினைந்து வருடம் பேக்கரி வைத்திருந்தவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் பேக்கரியும் அதன் போறணை அடுப்பும் எரிந்துபோக, போட்டிருந்த சட்டையோடு காங்கேசன்துறைக்குக் கப்பலில் வந்து இறங்கியவர். அன்றிலிருந்து ஆனையிறவு முகாமைத் தாண்டவில்லை. சொந்தமாகப் பாண் சுட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது.

“நூற்றுக்கு நூறு, மச்சான். விஞ்ஞானம்,” என்றார் தியாகராசா.

“விஞ்ஞானமெண்டால் நீங்களே போய் வாங்கியாருங்கோவன், அண்ணை,” என்றாள் சிவக்கொழுந்து.

“எனக்குச் சிங்களம் வராது, பிள்ளை.”

“அடி வாங்கிறதுக்குப் பாஷை என்னத்துக்கு?”

ஆழ்வாப்பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். “ஒரு போறணைக்குக் காசு, கொழுந்து. ஒரேயொரு போறணை. போட்டு வாறன்.”

புதன்கிழமை காலை அவர் கொடிகாமத்தில் ரயிலேறினார். ஏறிய சிறிது நேரத்தில் சிவக்கொழுந்து தமையன் வீட்டு விறாந்தையில் வந்து நின்றாள். “லொத்தர் விழுறதைச் சொல்லுற பெட்டி, இவர் திரும்பி வாறதையும் சொல்லும்தானே. கேளுங்கோ.” இப்படியான குடும்பக் கேள்விகள் நிரலின் தகுதிக்குக் குறைவானவை என்று தியாகராசா பத்து நிமிடம் விளக்கினார். பிறகு தட்டினார். திரையில் நூற்றுக்கு 71 என்று வந்தது. ஒரு நிமிடத்தில் அது 70 ஆயிற்று. ஆனையிறவில் ரயில் நிற்கும் நேரத்துக்கு 44. கடந்ததும் 66. வவுனியாவில் 29. ஒருவர் ரயில் நேர அட்டவணையோடு வந்து எண்ணுக்குப் பக்கத்தில் ஊர்ப்பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னேரத்துக்குள் விறாந்தை நிரம்பி, சனம் முற்றத்தில் நின்றது. கச்சான் கடலைக்காரி வந்து கடை விரித்தாள், நல்ல வியாபாரம். வியாழன் மத்தியானம் எண் 58 இல் நின்றது. ரிக்கற் வாங்கிவிட்டார் என்று உபதலைவர்கள் கைகுலுக்கினார்கள்.

வெள்ளி காலை பத்து மணிக்கு எண் 3 ஆகியது.

பன்னிரண்டு மணியோடு இராகுகாலம் கழிந்துவிடும், பொறுங்கள் என்றார் ஓர் உபதலைவர். மற்றவரும் ஆமோதித்தார், பதவியேற்றபின் முதல் தடவையாக. பன்னிரண்டும் கழிந்தது. 3. பன்னிரண்டே காலுக்கு ஊர் முழுக்கக் கரண்ட் போனது. விறாந்தையின் மின்விசிறி நின்றது. திரையிலிருந்த 3 அணையவில்லை. அதைப் பற்றி யோசிக்க ஒருவருக்கும் நேரமில்லை. தசமப் புள்ளியில் ஏதும் பிசகாக இருக்கலாம் என்று தியாகராசா முணுமுணுத்தார். காலையிலிருந்து பச்சைத்தண்ணியும் குடியாமல் தூணோடு இருந்தாள் சிவக்கொழுந்து. இரண்டு மணிக்கு எண் 2 ஆனபோது எழுந்தாள்.

“உதுக்குள்ளை வேறை என்ன கிடக்குது?”

“நாலு வருஷச் சீட்டிழுப்பு, ரெண்டு பஞ்சாங்கம், பிறகு என்ரை சூத்திரம்...”

“எடுங்கோ.”

“எதை?”

“எல்லாத்தையும். உது ஒரே நேரத்திலை ரெண்டு வேலை பாக்குது. என்ரை மனிசனுக்கு இடம் விடுங்கோ.”

“எட்டு மாச உழைப்பு, பிள்ளை! நாளைக்குச் சீட்டிழுப்பு...”

“அண்ணை, உங்கடை விரலைப் பிடிச்சு நான் அமத்தட்டோ?”

தியாகராசா எண்பத்திரண்டாம் ஆண்டை அழித்தார். எண் 6 ஆகியது. எண்பத்துமூன்றை அழித்தார், 11. அந்த வருடம் போனதற்கு ஒருவரும் மனவருத்தப்படவில்லை. எண்பத்துநாலும் ஐந்தும் போக 30. வாக்கிய பஞ்சாங்கத்தோடு 48. சனத்தில் பாதி முனகியது. திருக்கணிதத்தோடு 66, மிச்சப் பாதி முனகியது. சூத்திரம் போனதும் 91. அதற்கு மேல் ஏறவில்லை. நிரலில் ஒரேயொரு வரி மிஞ்சியிருந்தது: ‘இந்நிரலை ஆக்கியோன் கணிதவித்தகர் தியாகராசா.’

“ஒரு வரி இடத்தைப் பிடியாது,” என்றார் தியாகராசா. 91, 90 ஆகியது. பிறகு 87. பிறகு 80. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினார். ‘ஆக்கியோன்’ வரை வந்தபோது 97. முழு வரியும் போனபோது நூறு. அப்போது மணி இரண்டரை. சிவக்கொழுந்து தண்ணீர் கேட்டாள்.

சனி காலை ஆழ்வாப்பிள்ளை புழுதியோடு வந்து சேர்ந்தார். முதல்நாள் பத்து மணிக்கு ஒரு சோதனைச் சாவடியில் ரயிலிலிருந்து இறக்கிச் சிலரோடு வெயிலில் இருத்தினார்களாம். இரண்டு மணிக்கு லொறி வந்து, மற்றவர்களை ஏற்றத் தொடங்கினார்களாம். இரண்டரைக்கு ஒரு சிப்பாய் இவருடைய பையைத் தடவி ரிக்கற்றை எடுத்து, இதென்ன என்று கேட்டிருக்கிறான். “உங்களுக்குத்தான் மாத்தையா, கட்டாயம் விழும்,” என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். அவன் சிரித்து, ரிக்கற்றைத் தன் சட்டைப்பையில் போட்டு, இவரை அடுத்த ரயிலைக் காட்டி அனுப்பிவிட்டான். லொறியில் போனவர்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிவக்கொழுந்து சோறு போட்டாள்.

அன்று மாலை அந்த எண்ணுக்கே முதற் பரிசு விழுந்தது. சங்கம் அவசரமாகக் கூடி, கணனி நிரல் ஒரு மனிதனின் லொத்தர் வாய்ப்பை ஐயத்துக்கிடமின்றி உயர்த்தியிருக்கிறது என்று அறிக்கைப் புத்தகத்தில் பதிந்தது. பிறகு கலைந்தது.

கணனியில் வேறொன்றும் மிச்சமில்லாததால் சிவக்கொழுந்து அதைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போனாள். ஆழ்வாப்பிள்ளை வீட்டில் இருந்தால் 100. சந்திக்குப் போக வெளிக்கிட்டால் 98. எண்பத்தேழு ஐப்பசிச் சண்டையில் 12 ஆனபோது ஒரு மாதம் அவரைப் படலை தாண்ட விடவில்லை. தொண்ணூறில் குடாநாட்டுக்கு மின்சாரம் அடியோடு நின்றபின்பும் அது எரிந்தது. மண்ணெண்ணெய் விலை ஏறிய காலத்தில் அயலவர்கள் அந்த வெளிச்சத்தில் அரிசி புடைத்தார்கள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் நெருங்க, புத்தூர் அடங்கிய வலிகாமம் முழுவதும் ஒரே நாளில் ஊரை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தது. பெட்டியைச் சைக்கிளில் கட்டலாம் என்று தியாகராசா கயிற்றோடு வந்தார்.

“ஆள் எனக்குப் பக்கத்திலை நடந்து வாறார், அண்ணை. பெட்டி என்னத்துக்கு?”

அப்போது திரையில் என்ன எண் இருந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. பெட்டி இருபது கிலோ.