வேற காட்டட்டா?

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் ஒரே ஒரு பேச்சுதான் நிஜம், அதுவும் ஒட்டுக்கேட்டது. தி. நகரில் ஒரு புடவைக் கடை. அக்கா கல்யாணத்துக்கு அம்மா பட்டு எடுத்துக்கொண்டிருந்த இரண்டரை மணி நேரமும் நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு மொழிபெயர்ப்பு நாவலில் மூழ்கியிருந்தேன். அதில் பனிப்புயல். நாயகன் சாகப் போகிறான். அப்போது பக்கத்துக் கவுண்டரிலிருந்து ஒரு பெண்குரல்:

"ஆறு வருசமா மாரடிக்கிறேன், எனக்குப் பதினாலாயிரம். புடவை மடிக்க நான் சொல்லிக்குடுத்த தீபிகாவுக்குப் பதினாறாயிரமாம். இன்னா நாயம் இது?"

நாயகன் செத்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

2

அந்தக் குரலுக்கு மேகலா என்று பெயர் வைத்தேன். முதல் தொடக்கம்: "அன்று காலை பனி பெய்துகொண்டிருந்தது. மேகலா தன் மேலங்கியின் பொத்தானை"

வேண்டாம். மே மாதம். பட்டினப்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவள். அவளுடைய ஒரே மேலங்கி கடை கொடுத்த மெரூன் கோட்டு. அதில் பொத்தான் இல்லை.

இரண்டாம் தொடக்கம்: "மேகலா தோள்களைக் குலுக்கினாள்."

(நான் படிக்கும் நாவல்களில் எல்லோரும் குலுக்குகிறார்கள். மேகலா குலுக்கினால் பக்கத்துக் கவுண்டர் பெண், "இன்னாடி, சுளுக்கா?" என்று கேட்பாள்.)

நேராக முதலாளியிடமே போய்விடலாம்.

3

பாலகணேஷ் அண்ணாச்சி* கல்லாவில் இருந்தார். தலைக்கு மேல் பலகை: "ஒரே விலை. பேரம் பேசாதீர்கள்." ஆறு வருடமாக அந்தப் பலகையைக் கைகாட்டியே எத்தனையோ பேரின் வாயை அடைத்தவள் மேகலா. இன்று அதற்குக் கீழே நின்று அவளே பேரம் பேச வேண்டும்.

"அண்ணாச்சி, சம்பளம்... கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அது வாடிக்கையாளர் வசனம்.

"எவ்வளவு வேணுமாம்?"

"பதினெட்டு."

"எம்மா, நீ நம்ம வீட்டுப் புள்ள மாதிரில்லா! வீட்டுக்குள்ள போய் கணக்குப் பேசலாமா?"

"வூட்டுப் புள்ளைக்குப் பதினாலு, நேத்து வந்ததுக்குப் பதினாறா அண்ணாச்சி?"

அண்ணாச்சி முகம் சுருங்கியது.

* இவரைக் கொடியவராக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. தினமும் மூன்றரை மணிக்கு எல்லோருக்கும் டீ சொல்கிறவர். என்ன, அந்த டீயையும் சம்பளத்தில் சேர்த்தே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

4

இங்கேதான் அவளுக்கு வாய் தவறியது. எதிரே இருப்பவர் முகத்தைச் சுருக்கிக்கொண்டு பேசாமலிருந்தால், புடவை விற்கிறவளின் வாய் மூளையைக் கேட்காமலே ஒன்று சொல்லும்.

"வேற காட்டட்டா?"

அண்ணாச்சி நிமிர்ந்தார். "வேறன்னா? வேற கடையா? எவன் கூப்புட்டான்? எதுத்த கடைக்காரனா?"

யாரும் கூப்பிடவில்லை.

முடிவு அ: அவள் உண்மையைச் சொல்கிறாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். சம்பளம் பதினாலு.

முடிவு ஆ: "ஆமா" என்கிறாள். அண்ணாச்சி உடனே எதிர்க்கடைக்குப் போன் போடுகிறார். எதிர்க்கடைக்காரர் அவருக்கு மச்சான்.

முடிவு இ: மேகலா கண்ணாடிக் கதவுக்கு வெளியே கொட்டும் பனியை

மன்னிக்கவும்.

5

நடந்தது, அதாவது நான் நடத்தியது, இவ்வளவுதான். மேகலா வாயே திறக்கவில்லை. சாமர்த்தியம் இல்லை, பயம். அந்த மௌனத்தை அண்ணாச்சி தாங்கவில்லை. கால்குலேட்டரை இழுத்து, தட்டி, அவள் பக்கம் திருப்பிவைத்தார். நாம் அண்ணாச்சிக்குப் பின்னால் நிற்கிறோம்; எண் தெரியவில்லை. பதினெட்டு இல்லை என்பது மட்டும் அவள் முகத்தில் தெரிகிறது.

"சரி, வரேன் அண்ணாச்சி."

திரும்பி, வாசல் பக்கம் ஓரடி வைத்தாள். வாடிக்கையாளர்கள் அவளிடம் ஆயிரம் தடவை நடந்து காட்டிய நடை. ஒரே விலைக் கடை. ஒருவரைக்கூட அவள் திரும்பக் கூப்பிட்டதில்லை.

இரண்டாம் அடி.

அண்ணாச்சியின் வாயைத் திறக்க என்னால் முடியும். ஆனால் நான் திறந்தால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நீங்களோ தி. நகரில் நடந்து காட்டியவர்கள். எத்தனையாவது அடியில் கூப்பிடுவார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே கூப்பிடுங்கள். விலையை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள். மூன்றாவது அடிக்கு அவள் காலைத் தூக்கிவிட்டாள்.