மூடியதா, திறந்ததா

முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டம் ஆட நாலு பேர் வேண்டும். எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு ஜோடி. வாய் பேசக் கூடாது. கண் பேசலாம், எதிர் ஜோடி மஹ்ரூப் பார்க்காத வரைக்கும். என் ஜோடி அழகர். என் முகத்தைப் பார்த்தே கையில் பெரிய சீட்டான ஜாக் எத்தனை என்று கண்டுபிடித்துவிடுவான். என் மனைவி ஸகீனா இத்தனை வருஷம் பார்த்தும் அதில் அசட்டுத்தனத்தைத் தவிர வேறொன்றும் கண்டதில்லை.

ஹாலிஎலப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் அழகருக்குத் துரை பங்களாச் சமையல். பௌர்ணமிப் போயா லீவில் துரை கிளப்புக்குப் போனதும் பதுளைக்கு பஸ் ஏறி, என் துணிக்கடைப் பின்னறைக்கு வந்துவிடுவான். என்னை அண்ணன் முறையில் நானா என்பான். மஹ்ரூபும் ரெங்கசாமியும் எதிர் ஜோடி. பணம் வைத்தால் ஹராம். புளியங்கொட்டையை எந்த மௌலவியும் தடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஒரு போயாவன்று வந்தவன் சீட்டைக் கலைக்கவில்லை. "தோட்டத்து ஆளுங்கள இந்தியாவுக்கு அனுப்புற லிஸ்டுல என் பேரும் வந்துருச்சு நானா. இன்னும் மூணு மாசத்துல கப்பலு."

அவனே தொடர்ந்தான்.

"மூணு பேரு என்னத்த ஆடுவீங்க? போக்கர் சொல்லித் தாறேன். அதுல ஜோடி கெடையாது, அவனவன் கை அவனவனுக்கு. துரைமாரு ரெண்டு விதமா ஆடுவாங்க. ஒண்ணுல எல்லாச் சீட்டும் மூடியே இருக்கும், வேணாங்கறதப் போட்டுட்டு வேற வாங்கலாம். மத்ததுல பாதிச் சீட்டத் தொறந்து வச்சிரணும். எது வேணும்?"

"யோசிச்சுச் சொல்றேன்," என்றேன்.

அடுத்த போயாவும் யோசித்தேன். மூடிய ஆட்டம் திருட்டு ஆட்டம் என்றேன். திறந்த ஆட்டம் வெட்கங்கெட்ட ஆட்டம் என்றேன்.

"சீத்தைத் துணி எடுக்க வாற பொம்பளையும் இவ்வளவு நேரம் எடுக்க மாட்டா மச்சான்," என்றான் மஹ்ரூப்.

ஆட்டம் முடிவானால் அழகர் போவதும் முடிவாகிவிடும். என் மூளைக்கு அப்படியொரு கணக்கு.

கடைசிப் போயாவில் என்னைக் கேட்காமலே அழகர் மூடிய ஆட்டத்துக்குச் சீட்டுப் போட்டான். மஹ்ரூப் இரண்டு ராஜாவை வீசிவிட்டு இரண்டு ஜாக்கைப் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

"ஐயோ, இதுல ஜாக்கு பெருசில்லீங்க! இது முந்நூத்தி நாலு இல்ல!" என்று அழகர் கத்தினான்.

ரெங்கசாமி சிரித்துச் சிரித்து இருமினார்.

"மொகத்துல ஒண்ணும் தெரியக் கூடாது நானா. அதான் இந்த ஆட்டமே," என்றான் அழகர்.

முகத்தைக் கல்லாக்கிக்கொண்டேன். கையில் உருப்படியாக ஒன்றுமில்லை. இருந்த கொட்டையெல்லாம் முன்னால் தள்ளினேன். அழகர் என்னைப் பார்த்தான். நிறைய நேரம் பார்த்தான். பிறகு தன் சீட்டைக் கவிழ்த்து வைத்து, ஆட்டத்தை விட்டுக்கொடுத்தான்.

"பயந்துட்டியாடா?" என்றார் ரெங்கசாமி.

"இல்லண்ணே," என்று என் பக்கம் திரும்பினான். "நானா, இந்த மொகத்த வச்சிக்கிட்டு ஒங்களுக்கு எந்த போக்கரும் சரிப்படாது. நாலாவதா ஒரு ஆளப் பாருங்க."

அவன் கப்பலேறிய பிறகு மஹ்ரூப்தான் வாஹிதைக் கூட்டி வந்தான். கெட்டிக்கார ஆட்டக்காரர். வந்ததும் என் எதிரே, அழகர் இருந்த இடத்தில் உட்காரப் போனார்.

"நீங்க மஹ்ரூபுக்கு ஜோடி," என்று அவரை அந்தப் பக்கம் அனுப்பி, ரெங்கசாமியை என் எதிரே இழுத்து இருத்திக்கொண்டேன். அன்றிலிருந்து தோற்றுக்கொண்டே இருக்கிறோம். ரெங்கசாமி நல்ல மனுஷர். என் முகத்தை எத்தனை தடவை பார்த்தாலும், கடைசியில் தன் சீட்டைத்தான் பார்ப்பார்.