பத்துக்கு மேல்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். பயிற்சி காரில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பதினாறு வருடமாக வலது காலை அதன் மேல் வைத்துத்தான் வயிற்றைக் கழுவுகிறேன். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் என் முதுகுக்குப் பின்னால் 'பிரேக் அக்கா' என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இத்தனை வருடத்தில் ஒருவரையும் எங்கேயும் கொண்டுபோய் இடிக்க விட்டதில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான். அந்த வாயிலேயே ஒன்று போட வேண்டும்.

என் மகளுக்குப் பதினைந்து வயது. இரண்டு வருடமாகச் சாப்பாட்டோடு சண்டை. முதலில் கொழுப்பு என்றுதான் நினைத்தேன். 'ரெண்டு நாள் கண்டுக்காம விட்டா தானா வந்து தின்னுவா' என்று அவள் அப்பாவிடம் சொன்னதும் நான்தான். அனோரெக்சியா என்று டாக்டர் பெயர் சொன்னபோது எடை பாதாளத்துக்குப் போயிருந்தது. பசி இருக்குமாம், எடை கூடிவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாம்.

அந்த இரண்டு வருடமும் எங்கள் வீட்டில் அதிகம் கேட்ட சொல் "போதும்." அவள் சொல்வது. இன்னும் ஒரு வாய் என்பேன். போதும் என்பாள். பாதியாவது சாப்பிடுடி என்பேன். "போதும்னு சொல்றேன்ல!" தட்டு நகரும், நாற்காலி நகரும், அறைக்கதவு படாரென்று சாத்திக்கொள்ளும். மூடிய கதவுக்கு வெளியே நின்று கெஞ்சியிருக்கிறேன், திட்டியிருக்கிறேன், ஒருமுறை காலால் உதைத்தும் இருக்கிறேன். சாப்பாட்டு மேசையில் நான் அவளுக்கு அம்மா இல்லை, போலீஸ்.

இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்து, நாடி சீராகி, உடம்பில் கொஞ்சம் சதை பிடித்த பிறகு டாக்டர் உடற்பயிற்சிக்கு எழுதிக்கொடுத்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்ன டாக்டர், எழுந்து நிக்கவே தெம்பு இல்லாம இருந்தவ, இவளைப் போய் எடை தூக்கச் சொல்றீங்க?"

"தசையும் எலும்பும் கரைஞ்சு போயிருக்கும்மா. அதைத் திரும்ப வளர்க்கணும். ஆனா கோச் கண்ணு முன்னாடி மட்டும்தான்."

பயிற்சி அறை கீழ்த்தளத்தில், எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் இருந்தது. பிள்ளைகள் தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளக் கூடாதென்று, சுவரில் இருந்த பெரிய கண்ணாடி முழுவதையும் பழுப்புக் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார்கள். நான்கு பெண் பிள்ளைகள். கோச்சும் சின்னப் பெண்தான், முப்பது இருக்கும், விசில் மாதிரிக் குரல். அவள் முன்னால் உட்கார்ந்து ஒரு டம்ளர் பாலும் இரண்டு துண்டு ரொட்டியும் முடித்தால்தான் பயிற்சி. பிறகு நாடி பார்ப்பாள், நோட்டில் எழுதுவாள். ஆரம்பத்தில் எடையே இல்லை, வெறும் மரக்கம்பு.

அங்கே பிள்ளைகள் எண்ணக் கூடாது. கோச்தான் எண்ணுவாள். பத்து வந்ததும் "போதும்" என்பாள். அந்த நொடியே கம்பைக் கீழே வைத்துவிட வேண்டும். இன்னும் ரெண்டு என்று யாராவது இழுத்தால் அடுத்த வகுப்பு கிடையாது.

"ஏன் இவ்வளவு கறார்?" என்று கேட்டேன்.

"இவங்களால நிறுத்த முடியாதும்மா. உள்ள இருந்து ஒண்ணு, இன்னும் இன்னும்னு விரட்டிக்கிட்டே இருக்கும். அதான் நோய். அதனால நிறுத்துறது அவங்க வேலை இல்ல, நம்ம வேலை."

ஆறு வாரம் கழித்து, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலும் செய்யலாம் என்றாள். நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டும், அவ்வளவுதான். நான் எதிரில் நின்று எண்ணி, நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். "பத்துதாம்மா. அழுதாலும் கெஞ்சினாலும் பதினொண்ணு கிடையாது."

"என்கிட்டயேவா?" என்று சிரித்தேன். "என் பொழப்பே பிரேக் போடுறதுதான்."

முதல் நாள், காலையில் நான் வேலைக்குக் கிளம்பும் முன், சாப்பாட்டு மேசை நாற்காலியை இழுத்துப் போட்டோம். இரண்டு வருடம் நாங்கள் சண்டை போட்ட அதே நாற்காலி. உட்கார்ந்தாள், எழுந்தாள். நான் எண்ணினேன். பத்து முடிந்ததும் முகம் சிவந்து, மூச்சு வாங்க, "அம்மா, நீ எண்ணுறதைக் கேட்டா யாரோ லாரியை ரிவர்ஸ் எடுக்குற மாதிரியே இருக்கு" என்றாள்.

என்னோடு கேலி பேசினாள்! என் மகள்! சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மூன்றாவது வாரம் பத்து முடிந்ததும் அவள் உட்காரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் அஞ்சே அஞ்சுமா. நீ பக்கத்துல நின்னா எனக்குப் பயமே இல்ல. ப்ளீஸ்."

போதும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்தக் கை போய்விடும், அறைக்கதவு மறுபடி சாத்திக்கொள்ளும் என்று பயந்தேன். "பதினொண்ணு" என்றேன்.

நோட்டில் பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பதினைந்து இருபதானது, இருபது முப்பதானது. வாரத்தில் இரண்டு நாள் என்பது தினமும் ஆனது. அதற்கு ஈடாக எனக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? தலைக்கு டை அடித்துவிட்டாள். பள்ளி வகுப்பில் யார் யாரோடு பேசுவதில்லை என்று கதை கதையாகச் சொன்னாள். ஒரு நாள் என் மடியில் தலை வைத்து டிவி பார்த்தாள். நான் குளிர்ந்துபோனேன். குளிர்ந்த மூளைக்குக் கணக்கு எங்கே ஏறும்?

அவள் அப்பா ஒரு நாள் பார்த்துவிட்டார். "ஏய், பத்துன்னுதானே சொன்னாங்க?"

"உங்க வேலையப் பாருங்க. இப்பதான் பிள்ளை என்கூட முகம் கொடுத்துப் பேசுறா."

என் வாய்க்குப் பயந்த மனிதர். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று என்னை ஒரு அதட்டு அதட்டியிருக்கக் கூடாதா?

அடுத்த வாரம் பயிற்சி அறையில், ஆறாவது தடவையே அவள் கை நடுங்கியது. கோச் உடனே கம்பை வாங்கி வைத்துவிட்டு நாடி பார்த்தாள். நோட்டைப் புரட்டினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வீட்ல பத்துதானேம்மா?"

என் மகளும் என்னைப் பார்த்தாள். கடைசி பெஞ்சில் கூடவே உட்காரும் தோழியைப் பார்ப்பது போல ஒரு பார்வை. எத்தனை காலம் கழித்து!

"பத்துதான்" என்றேன். கூசாமல் சொன்னேன்.

ஐந்து நாள் கழித்து நாற்பத்து மூன்று வரை எண்ணினேன். நாற்பத்து நான்குக்கு எழுந்தவள் அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். மேசை விளிம்பில் தலை மோதிய சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

பழைய வார்டு. மூக்கில் குழாய். இதயம் களைத்துப்போயிருக்கிறது, கட்டிலை விட்டு இறங்கவே கூடாது, எல்லாம் முதலிலிருந்து என்றார் டாக்டர். மாலையில் கோச் நோட்டோடு வந்தாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவே இல்லை. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, "இந்த நாள் உண்மையில எத்தனைம்மா?" என்று கேட்டாள். சொல்லச் சொல்ல, என் கையெழுத்துக்கு மேலே இருந்த பத்தை அடித்துவிட்டு எழுதினாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நாற்பத்து மூன்று என்றேன்.

"கோச், இவ மறுபடி எப்ப கீழே பயிற்சிக்கு வருவா?"

"வருவாளான்னே தெரியலம்மா" என்று நோட்டை மூடினாள்.

நான்காம் நாள்தான் என் மகள் வாய் திறந்தாள். "நீ ஏன்மா நிறுத்தல?"

"நீதானேடி கெஞ்சினே?"

"நான் கெஞ்சத்தான் செய்வேன். என்னால நிறுத்த முடியலம்மா. ஒவ்வொரு நாளும் பத்து வரும்போது, இன்னைக்காவது அம்மா போதும்னு சொல்லிடுவாங்கன்னு காத்துக்கிட்டே இருந்தேன். நீ எண்ணிக்கிட்டே போனே."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சிறிது நேரத்தில் அவள் கால்மாட்டில் போர்வை அசைந்தது. மேலே, கீழே. மறுபடி மேலே, கீழே.

"போதும்டி கண்ணு" என்றேன்.

நிற்கவில்லை.

"போதும்!" வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் தட்டை வைத்துவிட்டு ஓடிவந்தாள். ஸ்டூலுக்குக் கீழே என் வலது கால் தரையைப் பலம்கொண்ட மட்டும் அழுத்திக்கொண்டிருந்தது. போர்வை அசைந்துகொண்டே இருந்தது. குனிந்து காது கொடுத்தேன். சுவரைப் பார்த்தபடி அவளே மெதுவாக எண்ணிக்கொண்டிருந்தாள், பத்து எப்போதோ தாண்டியிருந்தது.