எப்சிபா போட்ட ஓட்டு

சியர்லீடிங் என்றால் கிரிக்கெட் மைதானத்தில் குஞ்சம் ஆட்டுகிற வேலை என்றுதான் தென்காசியில் பாதிப்பேர் நினைத்திருந்தார்கள். இலஞ்சியில் ஒரு கயிறு மில் ஷெட்டுக்குள், தேங்காய் நார்த்தூளைப் பரப்பி மேலே தார்ப்பாய் விரித்து, கல்லூரிப் பெண்கள் தலைகீழாகச் சுழலுவதை ஒருநாள் வந்து பார்த்திருந்தால் வாயை மூடியிருப்பார்கள்.

அந்தக் குழுவின் கேப்டன் எப்சிபா. பெற்றோர் மஸ்கட்டில். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலே காலியாகிவிட, மெஸ்ஸில் ஒற்றைத் தட்டோடு உட்கார்ந்திருப்பவள். அவளுக்கென்று இருந்த ஒரே ஆள் ஜெயபிரியா. பின்பக்கமாகப் பாய்ந்து, காற்றிலேயே உடம்பை ஒரு முழுச் சுற்று முறுக்கி இறங்குவாள் ஜெயபிரியா. அதற்கு ‘ஃபுல்’ என்று பெயர். பக்கத்தில் நின்று இடுப்புக்குக் கை கொடுப்பது எப்சிபா.

கல்லூரிப் போட்டிகளில் ஃபுல்லுக்கு இதுவரை அனுமதி கிடையாது. இனி அனுமதிக்கலாமா என்று மாநிலச் சங்கம் கேப்டன்களிடம் ஓட்டுக் கேட்டது. அனுமதி வந்தால் ஜெயபிரியாவுக்குச் சென்னை அணியில் இடம் நிச்சயம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

“உன் ஓட்டு எனக்குத்தான், பொறவு என்னட்டி?” என்று சிரித்துவிட்டுப் போனாள் ஜெயபிரியா.

எப்சிபாவுக்குத்தான் விஷயம் தெரியும். போட்டியில் யாரும் கை வைக்கக் கூடாது. ஜெயபிரியாவோ ஒருநாளும் தனியாக இறங்கியதில்லை. எப்சிபா சும்மா தொடுகிறாள் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தாள். உண்மையில் ஒவ்வொரு முறையும் அந்தக் கைதான் அவளைத் தூக்கிச் சுற்றிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விலக்கியிருக்க வேண்டும், அதுதான் முறை. விலக்கவில்லை. கை வேண்டாமென்று ஆகிவிட்டால் தானும் வேண்டாமென்று ஆகிவிடுமோ என்ற பயம், வேறொன்றுமில்லை.

செல்போனில் நடந்த கூட்டத்தில் அவள் ‘வேண்டாம்’ என்றாள். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ஃபுல் தோற்றது. யார் என்ன சொன்னார்கள் என்பது அன்றிரவே எல்லாக் கல்லூரிக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாள், குற்றாலத்துச் சீசன் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல், சாரலில் நனைந்தபடி ஷெட்டுக்கு நடந்தே வந்தாள் ஜெயபிரியா.

“நீயா வேண்டாம்னு சொன்ன?”

“கழுத்து ஒடிஞ்சிரும் பிரியா. நான் கை கொடுக்காம நீ எறங்கினதே இல்ல.”

“பொய் சொல்லுத. சும்மால்லா தொடுத?”

“சும்மா இல்லட்டி. நாந்தான் தூக்குதேன்.”

“அங்கன தள்ளி நில்லு.”

எப்சிபா சுவரோரம் ஒதுங்கினாள். ஜெயபிரியா ஓடிவந்து பாய்ந்தாள். சுற்று முடியுமுன்பே உயரம் தீர்ந்துபோய், முழங்காலும் கையுமாகத் தார்ப்பாயில் விழுந்தாள். நார்த்தூள் மெத்தென்று வாங்கிக்கொண்டது, அடி இல்லை. எப்சிபா சொன்னது சரிதான் என்று ஷெட்டில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துபோனது. சரியாக இருந்து என்ன பிரயோசனம்?

ஜெயபிரியா உடனே எழுந்திருக்கவில்லை. “எப்பத்துலேருந்து தூக்குத?”

“மொதல்லேருந்தே.”

“அன்னைக்கே கையை எடுத்திருந்தா இந்நேரம் தனியாப் போடப் படிச்சிருப்பேன்லா?”

ஜெயபிரியா எழுந்து, தூசு தட்டிக்கொண்டு, குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஷாரோனைக் கூப்பிட்டாள்.

“நீ வந்து பக்கத்துல நில்லு. விழுந்தா மட்டும் பிடி.”

எப்சிபா சுவரோரமாகவே நின்றாள். அங்கிருந்து வா என்று அவளை யாரும் கூப்பிடவில்லை.