பதினெட்டு ஆவதற்குள்

காலை ஆறரை மணிக்கு வாசல் மணி திடீரென்று ஒரு தடவை ஒலித்தது. ஃபராங்கிஸின் கையிலிருந்த தேநீர் தளும்பிப் புறங்கையைச் சுட்டது. வேளைகெட்ட வேளையில் மணி அடித்தால் அவளுக்குப் போலீஸ் ஞாபகம்தான் முதலில் வரும். பதினான்கு மாதமாக அப்படித்தான்.

திறந்தால், மகளின் பள்ளித் தோழிகள் தூவாவும் சிக்னேயும் நின்றார்கள். ஒருத்தி கையில் கேக், இன்னொருத்தி கையில் நீலமும் மஞ்சளுமாய் ஒரு குட்டிக் கொடி.

"உஷ்... அவ இன்னும் தூங்கறாதானே?" என்றாள் தூவா.

ஸ்வீடனில் பிறந்தநாள் என்றால் ஆளைப் படுக்கையிலேயே பாட்டுப் பாடி எழுப்ப வேண்டும். தெஹ்ரானிலிருந்து வந்த ஐந்து வருடத்தில் ஃபராங்கிஸும் அதற்குப் பழகிவிட்டாள். ஆனால் இந்த வருடம் வேண்டாமென்று இருந்தாள். கேக் வாங்கவில்லை. சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று மகளிடம் சொல்லிவைத்திருந்தாள்.

வெஸ்டரோஸ் நகரத்துக்கு அவர்களைக் கொண்டுவந்ததே அவளுடைய வேலைதான். மின்மாற்றி செய்யும் கம்பெனியில் வரைபடம் போடுகிறாள். அவளுடைய வேலை அனுமதியைப் பிடித்துக்கொண்டுதான் கணவன் சியாமக்கும் மகள் பரஸ்தூவும் இந்த ஊரில் இருந்தார்கள். பதினான்கு மாதத்துக்கு முன்பு நிரந்தரக் குடியிருப்பு கேட்டு மூவரும் விண்ணப்பித்தபோது பரஸ்தூவுக்குப் பதினேழுகூட நிறையவில்லை. பதினெட்டு ஆவதற்குள் முடிவு வந்தால் அவள் குழந்தை. பெற்றோருக்குக் கிடைப்பது அவளுக்கும் கிடைக்கும். அதற்குப் பிறகு வந்தால் அவள் தனி ஆள். தனி ஆள் இங்கே தங்கத் தனிக் காரணம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பெண்ணிடம் என்ன காரணம் இருக்கும்?

விண்ணப்பித்து ஆறு மாதம் தாண்டினால், சீக்கிரம் முடிவு சொல்லுங்கள் என்று எழுதிக் கேட்கலாம். ஆனால் ஒரே ஒரு தடவைதான். அவசரப்படாதே, குளிர்காலம் வரட்டும் என்றான் சியாமக். அவளுக்குப் பொறுக்கவில்லை. ஆறு மாதம் முடிந்த அன்றைக்கே எழுதிப் போட்டாள். இப்போது முடியாது என்று நாலே வாரத்தில் பதில் வந்துவிட்டது. இருந்த ஒரே தோட்டாவை வானத்தைப் பார்த்துச் சுட்ட கதையாயிற்று. சியாமக் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. விடிவதற்கு முன்பே ரொட்டித் தொழிற்சாலைக்குக் கிளம்பிப் போகிறவன், இன்று போகும்போதும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

குடியேற்ற அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டால், வரிசையில் இருக்கிறது என்பார்கள். கோபமாகக்கூடப் பேசமாட்டார்கள், பதிலுக்குக் கோபப்பட. நேற்று அந்த அலுவலகம் மூடும்வரை வேலைக்கு நடுவே முப்பது தடவையாவது இணையத்தில் பார்த்தாள். இன்னும் முடிவாகவில்லை என்ற அதே பழைய வரிதான் இருந்தது. மகளிடம் மட்டும் எல்லாம் சரியாக வரும் என்றே சொல்லி வந்தாள்.

"கீழ்க்கதவ எப்படித் திறந்தீங்க? பூட்டோட நம்பர் மாத்தி ஒரு வாரம்தானே ஆச்சு?" என்று தோழிகளிடம் கேட்டாள் ஃபராங்கிஸ்.

"அதெல்லாம் ரகசியம், ஃபராங்கிஸ். காபி கிடைக்குமா?" என்று இந்த ஊர் வழக்கப்படி பேர் சொல்லியே கேட்டபடி தூவா காலணியைக் கழற்றினாள்.

பரஸ்தூ போர்வையைக் கழுத்துவரை இழுத்துக் கண்ணை மூடியிருந்தாள். தலைமுடி மட்டும் புதிதாகப் பின்னியிருந்தது. தோழிகள் ஆளுக்கொரு சுருதியில் பாடினார்கள். பதினெட்டு மெழுகுவர்த்தியையும் பரஸ்தூ ஒரே மூச்சில் ஊதினாள்.

"இனிமே உங்கம்மா கையெழுத்து செல்லாதுடீ," என்றாள் சிக்னே. "லீவ் லெட்டர நீயே எழுதிக்கலாம்."

"அரசாங்கமே இனிமே இவகிட்டதான் நேரா பேசும்," என்றாள் தூவா. "நம்ம மகாராணி பதில் சொல்வாங்களான்னு பாப்போம்."

"என் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். அவங்க படிச்சு முடிக்கவே ரெண்டு வருஷம் ஆகும்," என்று பரஸ்தூ சிரித்தாள்.

பரிசாக ஓர் உறை. உள்ளே ரயில் டிக்கெட். ஜூன் மாதம் சிக்னே வீட்டாரின் ஏரிக்கரைக் குடிலில் ஒரு வாரம். பரஸ்தூ அந்தத் தேதியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இருவரையும் கட்டிக்கொண்டாள். ஃபராங்கிஸ் தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அந்தச் சத்தம் அவளுக்குத் தேவையாக இருந்தது.

ஏழரை பஸ்ஸுக்குத் தோழிகள் ஓடினார்கள். அடுத்ததில் வருகிறேன் என்று பரஸ்தூ தங்கிவிட்டாள். அடுப்படிக்கு வந்து உட்கார்ந்து, கேக்கிலிருந்து மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, துடைத்து, காகிதத்தில் சுற்றினாள். ஈரக் கையைத் துணியில் துடைத்தபடி ஃபராங்கிஸ் எதிரே வந்து நின்றாள். இனியும் மறைக்க முடியாது. அரசாங்கக் கடிதம் வந்து அவள் தெரிந்துகொள்வதைவிட, பெற்றவள் வாயால் தெரிவது மேல்.

"பரஸ்தூ ஜான், கண்ணு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நேத்தோட..."

பரஸ்தூ நிமிரவில்லை. கடைசி மெழுகுவர்த்தியையும் சுற்றி முடித்தாள்.

"தெரியும்மா. கதவு நம்பரக் குடுத்து அவளுங்கள வரச் சொன்னதே நான்தான். அடுத்த வருஷம் எந்த ஊர்ல இருப்பேனோ, அங்க யாரு வந்து பாடி எழுப்புவா?"