ஓரத்தில் ஒரு கையெழுத்து

ஏழு வருஷமாகக் கோதண்டராமனிடம் பாஞ்சாலி ஒரு குறையில்லாமல் வேலை பார்த்தாள். ஒரு நாள் லேட் கிடையாது, ஒரு பிழை கிடையாது. அதெல்லாம் விசுவாசம் என்று அந்த மனிதர் நினைத்துக்கொண்டிருந்தார். நினைத்துக்கொள்ளட்டும் என்று அவளும் விட்டுவைத்திருந்தாள். உண்மையில் அவர் மாட்டிக்கொள்ளும் நாள் ஒன்று வரும், அன்றைக்கும் டைப் அடிப்பது அவளாகவே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவள் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தாள்.

ஓல்ட் மெட்ராஸ் ரோடில் பம்பு செய்யும் கம்பெனி அது. ஆட்களைச் சேர்ப்பது, நீக்குவது எல்லாம் பார்க்கும் பர்சனல் மேனேஜர் கோதண்டராமன்; பாஞ்சாலி அவருக்கு ஸ்டெனோ. அவளுடைய அண்ணன் நாகேஷ் அங்கே ஃபிட்டராக இருந்தவன். ஜீவனஹள்ளியில் ஒற்றை அறை வீட்டில் இருந்துகொண்டு, தங்கையை டைப்பிங்கும் ஷார்ட்ஹேண்டும் ஹையர் வரை முடிக்கவைத்து, அதே கம்பெனியில் சேர்த்துவிட்டதும் அவன்தான். சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அந்தக் கொடுமை நடந்தது.

தொண்ணூற்று மூன்று மே மாதம். மெஷின்கள் ஓடும் ஷாப்பில் காற்றை வெளியே இழுக்கும் ஃபேன் கெட்டுப்போய்ப் பதினோரு நாளாகியும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். நாகேஷ் மெஷினை நிறுத்திவிட்டு, “வாங்கப்பா, எல்லாரும் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துரலாம்” என்றான். நாற்பது பேர் போனார்கள், சொன்னார்கள், இருபது நிமிஷத்தில் திரும்பிவிட்டார்கள். மறுநாள் அவன்மேல் விசாரணை.

அவன் தமிழில் சொன்னதைக் கோதண்டராமன் இங்கிலீஷில் மாற்றிச் சொல்ல, பாஞ்சாலி குறித்துக்கொண்டாள். தொழிலாளர்களை வரும்படி ‘அர்ஜ்’ பண்ணினேன், அதாவது கேட்டுக்கொண்டேன், என்றுதான் முதலில் சொன்னார். அவள் டைப் அடிக்க உட்கார்ந்ததும் பின்னால் வந்து நின்று, அதை எடுத்துவிட்டு ‘இன்ஸ்டிகேட்’ என்று போடச் சொன்னார். அவள் ஏன் என்று கேட்டாள். “ரெண்டும் ஒண்ணுதாம்மா. சந்தேகம்னா டிக்‌ஷனரில பாரு” என்றார். அலமாரியில்தான் டிக்‌ஷனரி இருந்தது. அவள் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. புதிதாக வேலைக்கு வந்த பெண், மேனேஜர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டாள்.

அதோடு விட்டாரா? அதை அண்ணனுக்குத் தமிழில் படித்துக்காட்டும்படி அவளிடமே கொடுத்தார். வேறு யாராவது படித்தால் அவன் இரண்டு கேள்வி கேட்பான், தங்கை படித்தால் கேட்கமாட்டான் என்று கணக்குப் போட்டிருக்கிறார், படுபாவி. ‘எல்லாரையும் கூப்பிட்டேன்’ என்று எழுதியிருக்கிறது என்றாள் பாஞ்சாலி. நாகேஷ் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

பத்தாம் நாள் டிஸ்மிஸ் ஆர்டர் டைப் அடிக்க அவளிடமே வந்தது. கம்பெனியின் விதிப் புத்தகமான ஸ்டாண்டிங் ஆர்டரில் எந்தப் பிரிவின் கீழ் வேலை போகிறது என்று அதில் எழுதியிருந்தது. இன்ஸ்டிகேட் செய்வது, அதாவது தூண்டிவிடுவது, குற்றம். அர்ஜ் என்ற சொல் அந்தப் புத்தகத்தில் ஒரு இடத்திலும் இல்லை. அடித்து முடித்த பிறகுதான் அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்த டிக்‌ஷனரியை எடுத்துப் பார்த்தாள்.

நாகேஷ் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. “உனக்கென்ன தெரியும், விடு” என்றான். திட்டியிருந்தால் தேவலை. அத்திபெலேயில் ஒரு குடோனுக்கு வாட்ச்மேனாகப் போனான். மைக்ரோமீட்டர் பிடித்த கையில் கேட்டுச் சாவி. லேபர் கோர்ட்டில் போட்ட கேஸ் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே கிடந்தது.

அதற்கப்புறம் எந்தக் கடிதம் வந்தாலும் பாஞ்சாலி முதலில் வினைச்சொல்லைத்தான் பார்ப்பாள். மேலே போகும் கடிதத்தில் ரிக்வெஸ்ட், கீழே வருவதில் இன்ஸ்ட்ரக்ட், சமமானவருக்கு அர்ஜ். வெளியே தள்ளப்போகிறவனுக்கு மட்டும்தான் இன்ஸ்டிகேட். கோதண்டராமன் கை ஒரு தடவைகூட இதில் தவறியதில்லை.

இரண்டாயிரம் ஜூனில் கோதண்டராமன் கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்தார். அண்ணனின் வக்கீல் மௌரீன் விடாமல் கேட்டாள், வாங்க போகலாம் என்று சொன்னவனுக்கு இவ்வளவு பெரிய சொல் எதற்கு என்று. இங்கிலீஷில் அர்ஜ், இன்ஸ்டிகேட் இரண்டும் ஒரே அர்த்தம்தான் என்று சத்தியம் பண்ணிவிட்டு அவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். வராந்தாவில் மௌரீன், “அந்த ஆளே தன் வாயால ரெண்டும் வேறன்னு சொன்னாத்தான் உண்டு, பாஞ்சாலி” என்றாள். அடுத்த வாய்தா செப்டம்பர் பதினாலு.

ஆகஸ்டில் அந்த நாள் வந்தேவிட்டது. கம்பெனியை வாங்கிய பம்பாய்க்காரர்கள் விருப்ப ஓய்வு என்று ஒரு லிஸ்ட் போட்டார்கள். லிஸ்டில் கோதண்டராமன் பேரும் இருந்தது. அவர் நேரே ஷாப்புக்குப் போய், அவசரப்பட்டு யாரும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் அவருக்கே சார்ஜ் ஷீட். தொழிலாளர்களை இன்ஸ்டிகேட் செய்தார் என்று அதில் இருந்தது. அதை அடிக்கும்போது பாஞ்சாலிக்கு விரல் நுனி வரைக்கும் இனித்தது.

வெளியிலிருந்து கிளாரன்ஸ் என்ற வயதான வக்கீல் விசாரிக்க வந்தார். ஷார்ட்ஹேண்ட் தெரிந்தவள் ஆபீஸில் அவள் ஒருத்திதான். “யோசிச்சு முடிவு பண்ணுங்கன்னு அர்ஜ் பண்ணேன் சார், அவ்வளவுதான்” என்றார் கோதண்டராமன். அவள் அப்படியே குறித்துக்கொண்டாள். டைப் அடிக்கும்போது மட்டும் அந்த இடத்தில் இன்ஸ்டிகேட் என்று அடித்தாள். தெரிந்தே அடித்தாள்.

மத்தியானம் வாக்குமூலத்தை அவர் கையில் கொடுத்தார்கள். கோதண்டராமன் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் அடியில் பேனாவை நகர்த்திக்கொண்டே வந்தார். இரண்டாம் பக்கத்தில் பேனா நின்றது.

“இதென்ன? நான் அர்ஜ்னுதானே சொன்னேன்?”

“ரெண்டும் ஒண்ணுதானே சார்” என்றாள் பாஞ்சாலி.

கிளாரன்ஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அப்படியா என்று அவரையே கேட்டார். அவ்வளவுதான், மனிதர் பொழிய ஆரம்பித்துவிட்டார். “எப்படி சார் ஒண்ணாகும்? ஒண்ணு நல்லது சொல்லி முடிவை அவங்க கையில விடறது. இன்னொண்ணு தப்பு பண்ணச் சொல்லித் தள்ளிவிடறது. ஒருத்தனோட பொழைப்பே இந்த ஒரு வார்த்தையில இருக்கு சார்.” பத்து நிமிஷம் பேசினார். பாஞ்சாலி ஒரு சொல் விடாமல் எடுத்துக்கொண்டாள்.

விசாரணைத் தாளில் அடித்தல் திருத்தல் இருந்தால், சம்பந்தப்பட்டவர் ஓரத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கிளாரன்ஸ் அதைச் சொன்னார். கோதண்டராமன் இன்ஸ்டிகேட்டை அடித்துவிட்டு மேலே அர்ஜ் என்று எழுதினார். ‘இரண்டு சொற்களுக்கும் அர்த்தம் வேறு, நான் செய்தது குற்றமல்ல’ என்று ஓரத்தில் தன் கையால் இங்கிலீஷில் எழுதினார்.

“முழுக் கையெழுத்தா, தேதியோட போட்டுருங்க சார்” என்றாள் பாஞ்சாலி மெதுவாக. “கோர்ட்டுல கேப்பாங்க.”

பேனா அந்தரத்தில் நின்றது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். ஜூன் மாதம் கூண்டில் ஏறிச் சொன்னது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. போட்டால் கோர்ட்டில் சொன்னது பொய். போடாவிட்டால் இன்ஸ்டிகேட் நிற்கும், ரிடையராக ஒன்றரை வருஷம் இருக்கும்போது வேலை போகும். முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்த அந்த மனிதரைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு குளிர்ந்தது. துளி இரக்கம் வரவில்லை.

“டிக்‌ஷனரி எடுத்துட்டு வரட்டுமா சார்?”

திருத்தம் வேண்டுமா வேண்டாமா என்று கிளாரன்ஸ் கேட்டார். கோதண்டராமன் குனிந்து கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலமே ஃபைல் நம்பரையும் தேதியையும் மௌரீனிடம் சொன்னாள். கோர்ட் மூலமாக அதை வரவழைத்துவிடலாம் என்றாள் அவள். ஞாயிற்றுக்கிழமை பாஞ்சாலி ஜெராக்ஸ் காப்பியோடு அத்திபெலே போனாள். குடோன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் அண்ணனுக்குத் தமிழில் படித்துக்காட்டினாள். அந்த இரண்டு சொற்களையும் இரண்டு தடவை சொன்னாள்.

நாகேஷ் தாளை வாங்கி ஓரத்திலிருந்த கையெழுத்தையே வெகுநேரம் பார்த்தான்.

“கை நடுங்கியிருக்கு.”

“ஆமாண்ணா.”

“எனக்கு அன்னிக்கு நடுங்கல. நீதானே படிச்சுக் காட்டின.”

பாஞ்சாலி தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள். பதினாலாம் தேதி பத்து மணிக்கெல்லாம் கோர்ட்டில் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.