சிதம்பரத்தில் ஏறிய கோடு

“பேரைக் கிழிச்சுப் போட்டுட்டா, அது யாரு ரத்தம்னு உங்களுக்கே தெரியாதா?”

“தெரியாதுங்க.”

“சாமிக்கு?”

“அவருக்குத் தெரியும். ஆனா அவரு எங்க மீட்டிங்குக்கு வர்றதில்லையே.”

பயந்துபோயிருந்த அந்த நேரத்திலும் குணசுந்தரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடலூரில், 2004-ஆம் வருடத்தில், ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகள் வரிசையில் நடந்த பேச்சு இது. அவளுக்கு அப்போது நான்கு மாதம். எதிரே ஐஸ்பெட்டியோடு நின்ற ஒல்லியான ஆளின் பெயர் அன்புமணி என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக எடுக்கிற ரத்தத்தில் கொஞ்சத்தைத் தனியே எடுத்து, பெயரை நீக்கிவிட்டு, எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்ப்பது அவன் வேலை. யாருக்கு இருக்கிறது என்பது அவனுக்கு வேண்டாம். எத்தனை பேருக்கு என்பதுதான் வேண்டும். தமிழ்நாடு முழுக்க, குறித்த ஆஸ்பத்திரிகளில், குறித்த மாதங்களில் இப்படிப் பார்த்துக்கொண்டே வந்தால் நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

“கடல் மொத்தத்தையும் யாராலயும் அளக்க முடியாதுங்க,” என்று அவன் தன் வீட்டுப் பாஷையில் விளக்கினான். தாழங்குடாவில் அவன் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போகிற குடும்பம். “ஒரே இடத்துல, ஒரே பருவத்துல வலை போட்டுப் பாத்தா, மீன்பாடு கூடுதா கொறையுதான்னு தெரிஞ்சுரும்.”

“ஊருக்குத் தெரியும். எனக்கு?”

அவன் கொஞ்சம் தயங்கினான். “உங்களுக்குத் தெரியணும்னா அதோ அந்த ரூமுக்குப் போகணும். பேர் சொல்லி, சம்மதம் சொல்லி, தனியா பாத்துக்கணும்.”

“பயமா இருக்கு.”

“வெளியில நிக்கிறேன். போயிட்டு வாங்க.”

லாரி ஓட்டும் கணவன் சுரேந்தர் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போவதைப் பார்த்தவள் அவள். உள்ளே போனாள். முடிவு தெரிந்து வெளியே வந்தபோது, சொன்ன இடத்தில் சொன்னபடி அவன் நின்றுகொண்டிருந்தான். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. ஒரு சோடா வாங்கிக் கொடுத்தான்.

அந்த அறைக்குள் போனதால் மகள் ப்ரீத்தி பிழைத்தாள். பிரசவ நேரத்தில் மருந்து கொடுத்தார்கள். ஒன்றரை வயதில் சோதித்தபோது குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. அதைக் கேட்டுவிட்டுப் போக சுரேந்தர் இருக்கவில்லை. மாமியார் வீட்டில் கதவைச் சாத்தினார்கள். கடலூர் ஓ.டி. என்கிற முதுநகரில் இருந்த அண்ணன் வீடு திறந்தது. அண்ணி இருசம்மாளுக்கு வாய் நீளம், கை அதைவிட நீளம். முதல் நாளே தன் தட்டில் பிசைந்த சோற்றை உருட்டி நாத்தனார் வாயில் வைத்தவள் அவள்.

குணசுந்தரி மாத்திரையை ஒரு வேளை தவறவிடாமல் சாப்பிட்டாள். உடம்பு தேறியது. தன்னைப் போன்ற பெண்களுக்கு ஆறுதல் சொல்லப் போனாள். அதையே வேலையாகப் படித்து, 2010-இல் சிதம்பரத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் கவுன்சிலராகச் சேர்ந்தாள். அன்புமணியும் இதற்குள் மாவட்டம் முழுக்கக் கணக்கைக் கவனிக்கும் பொறுப்புக்கு வந்திருந்தான். ரத்தம் சேகரிக்கும் மாதங்களில் ஐஸ்பெட்டியோடு சிதம்பரம் வருவான்.

“வந்துட்டாரும்மா உன் ஆளு,” என்பாள் நர்ஸ் ஜான்சி. “மீன்காரவுங்க வூட்டுப் புள்ளைய எங்க அனுப்பினாலும் ஐஸ்பெட்டி வுடுதா பாரு!”

“சும்மா இரு சிஸ்டர், காதுல வுழப் போவுது.”

“வுழட்டுமே. நீயும் கேக்க மாட்ட, அவரும் கேக்க மாட்டாரு. நடுவுல நான் கெழவி ஆயிடுவேன் போல.”

அன்புமணிக்குக் கல்யாணம் ஆகவில்லை. சுனாமியில் வீடும் படகும் போய், இரண்டு தங்கைகளைக் கரையேற்றி நிமிர்ந்தபோது வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது என்று அவன் காரணம் சொல்வான். குணசுந்தரிக்கு வேறு காரணமும் தெரியும். பேசும்போது அவன் கண் போகிற இடத்தை எந்தப் பெண்ணுக்குத்தான் தெரியாது? அவளிடமும் கேட்க ஒன்று இருந்தது. வருடக்கணக்காக அதை மனசுக்குள் வைத்திருந்தாள். கேட்டால் அவன் மாட்டேன் என்று சொல்லமாட்டான். அதுதான் பயமே. நோயாளி, விதவை, பாவம் என்று நினைத்து ஒருவன் தலையசைத்தால், அந்தத் தலையசைப்போடு எப்படிக் குடும்பம் நடத்துவது? இரக்கம் சோடா வாங்கித் தரலாம். தாலி வாங்கித் தரக்கூடாது. இதுதான் அவள் கட்சி.

இந்த நிலையில்தான் அந்தக் கோடு ஏறியது.

மாநிலம் முழுக்க எச்.ஐ.வி. கோடு வருடா வருடம் இறங்கிக்கொண்டு வந்தது. கடலூர் மாவட்டமும் கூடவே இறங்கியது. கடைசியாக எடுத்த கணக்கில் சிதம்பரம் மட்டும் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. கடலூரிலிருந்து மேலதிகாரி தட்சிணாமூர்த்தி பேசினார். கெட்ட மனிதரில்லை, ஆனால் மேலே பதில் சொல்லவேண்டியவர்.

“அங்க நடக்குற கவுன்சிலிங்கால பிரயோஜனம் இல்லன்னு ஆகுதும்மா. அந்த ரூமை எடுத்துட்டு, வர்ற பொம்பளைங்கள அவுங்கவுங்க ஊர் ஆஸ்பத்திரிக்கே அனுப்பிடலாம்னு யோசனை. மாசக் கடைசியில மீட்டிங். வந்துடுங்க.”

அவுங்கவுங்க ஊர்! குணசுந்தரி போனை வைத்தாள். நோய் உள்ள அந்தப் பெண்கள் அங்கே போகமுடியாமல்தானே இங்கே வருகிறார்கள்? ஒருத்தியை வராந்தாவிலேயே நிறுத்திவைத்தார்கள். இன்னொருத்தியின் சீட்டைப் பார்த்ததும் இடம் இல்லை என்றுவிட்டார்கள். அறையை எடுத்தால் அவர்கள் திரும்பிப் போய் வீட்டிலேயே பிள்ளை பெறுவார்கள், மருந்தில்லாமல்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அன்புமணி பெட்டியில்லாமல் வந்தான். கர்ப்பிணிகள் பார்க்கிற நாள் அது. பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தான்.

“ரத்தம் எடுத்தது எந்த வரிசையில சிஸ்டர்? நடுவுல யாரையாவது விட்டீங்களா?”

“டோக்கன் வரிசை சார். நீங்க சொன்ன மாதிரி முதல் டோக்கன்லேர்ந்து ஆரம்பிச்சு, அன்னிக்கு எத்தனையோ அத்தனை முடிஞ்சதும் நிறுத்திடுவேன். ஒருத்தியத் தாண்டினதில்ல, ஒருத்தியப் பொறுக்கினதில்ல. அந்தோணியார் மேல சத்தியம்.”

“அவரை ஏன் இழுக்கிறீங்க, நம்புறேன்.”

குணசுந்தரி அந்தப் பக்கம் வந்தாள், சேலைத் தலைப்பில் சுருட்டிய டோக்கன்களோடு. வாசலில் காத்திருந்த ஒரு பெண் மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

“அக்கா, எனக்கு முதல் டோக்கன் எடுத்து வெச்சீங்களா? விருத்தாசலம் பஸ்ஸை வுட்டா மாமியா கேள்வி கேட்டே கொன்னுடும்.”

“வெச்சிருக்கேன்டி. இந்தா.”

அவளுக்குப் பின்னால் வடலூரிலிருந்து வந்தவள் கை நீட்டினாள். இவர்கள் கூட்டத்தோடு கூட்டமாக மதியம்வரை உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவள் சும்மா இருப்பாளா? எந்த ஊர், அங்க ஆஸ்பத்திரி இல்லையா, எதுக்கு இவ்ளோ தூரம் என்று துருவுவாள். அதனால் வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே குணசுந்தரி காலையில் சீக்கிரம் வந்து முன் டோக்கன்களை இவர்களுக்காக எடுத்துவைத்துவிடுவாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த வரிசையில் தானே நின்றவளுக்கு யார் சொல்லிக்கொடுக்க வேண்டும்?

வடலூர்ப் பெண்ணிடம் டோக்கனைக் கொடுத்த கை அப்படியே நின்றது.

முதல் டோக்கனிலிருந்து ரத்தம். முன் டோக்கன் எல்லாம் இவர்கள் கையில்!

திரும்பிப் பார்த்தாள். அன்புமணியும் எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

“நான்தான்,” என்றாள் குரல் இறங்கி. “நான்தான் சார் கோட்டை ஏத்திட்டேன். மாவட்டத்துல இருக்குற அத்தனை பேரையும் கூப்பிட்டு வரிசைல முன்னாடி நிறுத்தியிருக்கேன்.”

அன்புமணி வாய்விட்டுச் சிரித்தான். பெஞ்சில் இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“சிரிக்காதீங்க, எனக்கு அழுகையா வருது.”

“அழுவாதீங்க குணா. நானும்தான் கோட்டை விட்டேன். வலை போடுற இடத்துக்கு யாரோ ஏரிமீனை ஓட்டிட்டு வந்து விடுறாங்கன்னு கடல்காரன் எனக்கே தோணலையே! சிதம்பரத்துல நோய் ஜாஸ்தியாகல. சிதம்பரத்துக்கு ஆளுங்க வர்றாங்க. ரெண்டும் வேற வேற.”

“நாம சொன்னா நம்புவாங்களா?”

“சொன்னா நம்பமாட்டாங்க. காட்டணும்.”

காட்டினார்கள். டவுனிலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் இருந்து வந்த கர்ப்பிணிகள் அநேகமாக எல்லாரும் அந்த அறையில் சம்மதத்தோடு சோதனை செய்துகொண்டவர்கள். அவர்களைத் தனியாகவும், வெளியூர்க்காரர்களைத் தனியாகவும் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு வாரம் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதிலேயே போனது. அவன் ஊர்ப் பெயரைப் படிக்க, அவள் “நம்மூரு”, “வெளியூரு” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கூட்டிப் பார்த்துவிட்டு அன்புமணி மறுபடியும் கூட்டினான். முடிவு அதேதான். சிதம்பரத்துக்காரர்களின் கோடு மாவட்டத்தின் கோட்டையும் விடக் கீழே கிடந்தது.

மீட்டிங் நாளில் காலை வேலையை முடித்துவிட்டு மூவரும் சிதம்பரத்தில் கடலூர் பஸ் ஏறினார்கள். தானே புயல் அடித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வழி நெடுக முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. குடிகாடு நெருங்கியதும் கெமிக்கல் கம்பெனிகளின் நெடிக்கு ஜான்சி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“கண்ணை மூடிட்டு வந்தாலும் எங்க வந்துருக்கோம்னு மூக்கு சொல்லிடும்பா. என்னா குணா, பேச்சே காணோம்?”

“பயமா இருக்கு சிஸ்டர்.”

முன் சீட்டிலிருந்து அன்புமணி திரும்பாமலே சொன்னான். “இந்தத் தடவை வெளியில நிக்க மாட்டேன். உள்ள உட்கார்ந்திருப்பேன்.”

ஹாலில் சுவர் முழுக்கக் கோடுகள். மாநிலத்தின் கோடு மலையிலிருந்து இறங்கும் பாதை மாதிரி சரிந்து வந்தது. சிதம்பரத்தின் முறை வந்தது. அன்புமணி எழுந்து டோக்கன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லி, பிரித்தெடுத்த கணக்கைக் காட்டினான். தட்சிணாமூர்த்தி கண்ணாடியைக் கழற்றிவிட்டு உற்றுப் பார்த்தார்.

“கணக்கு சரியா இருக்கு. ஆனா எனக்கு ஒரு கேள்வி. உள்ளூர்ல ஆஸ்பத்திரி இருக்கும்போது, வயித்துப் புள்ளையோட ஒரு பொம்பளை எதுக்கு ரெண்டு பஸ் மாறி வரணும்?”

இதற்குக் கணக்கில் பதில் இல்லை. குணசுந்தரி எழுந்தாள்.

“அங்க முகத்தைச் சுளிக்கிறாங்க சார். இங்க நாங்க பேர் சொல்லிக் கூப்பிடுறோம். அதுக்குத்தான் வர்றாங்க.” நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். “எனக்கு எப்படித் தெரியும்னா, இந்தக் கோட்டுல 2004-ல உச்சியில ஒரு புள்ளி இருக்கே, அதுல நானும் இருக்கேன் சார்.”

குணசுந்தரி சுவரில் அந்தப் புள்ளியைக் காட்டினாள்.

“எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. மாத்திரை சாப்பிடுறேன், வேலை பாக்குறேன். என் பொண்ணு ரெண்டாங்கிளாஸ் படிக்கிறா, அவளுக்கு ஒண்ணுமில்ல. வெளியூர்லேர்ந்து எங்ககிட்ட வந்து பெத்தவங்கள்ல, இதுவரைக்கும் சோதிச்ச குழந்தைங்க ஒண்ணுக்குக்கூட இல்ல. ரூமை எடுத்தீங்கன்னா அடுத்த தடவை சிதம்பரத்துக் கோடு அழகா இறங்கும் சார். ஆனா அந்தக் குழந்தைங்க எங்க போவும்?”

உட்காரத் தோன்றாமல் நின்றாள். கடைசி வரிசையில் யாரோ கைதட்டினார்கள். ஜான்சிதான், வேறு யார்? பிறகு பக்கத்து வரிசை, அதற்கு முன் வரிசை என்று கைதட்டல் மேடைவரை வந்து சேர்ந்தது. தட்சிணாமூர்த்தியும் தட்டினார்.

“ரூமுல யாரும் கை வைக்கப் போறதில்ல. ரத்தம் எடுக்குற நாள்ல அந்தப் பொண்ணுங்களுக்குத் தனி வழி பண்ணிக் குடுங்க, கணக்கும் கெடக்கூடாது. அப்புறம், நம்ம மாவட்டத்துல ஒவ்வொரு பிரசவ ஆஸ்பத்திரிக்கும் இந்தம்மா போயி, ‘பேர் சொல்லிக் கூப்பிடுறது எப்படி’ன்னு சொல்லிக் குடுக்கட்டும். போவீங்களாம்மா?”

“போறேன் சார்!” என்றாள். ப்ரீத்தி பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கும்போது கத்துவாளே, அதே குரல்.

வெளியே வந்தபோது கடலூர் மஞ்சக்குப்பத்து வெயில்கூடக் குளிர்ந்தது. ஜான்சி திடீரென்று சர்ச்சில் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் ஆட்டோவில் ஏறிவிட்டாள். அண்ணிக்குப் போன் போட்டாள் குணசுந்தரி. “இன்னிக்குக் கேசரி கிண்டுறேன், சீக்கிரம் வாடி ராணி!” என்று இருசம்மாள் போட்ட கூச்சல் அன்புமணிக்கும் கேட்டது.

“ராணி பஸ்ல போவாங்களா, ஆட்டோவா?” என்றான்.

அவள் சிரித்துக்கொண்டே அவனைப் பார்த்தாள். உள்ளே அத்தனை பேர் முன்னால் நின்று, இருப்பதை இருக்கிறபடி சொன்னவள். யாரும் அவளைப் பாவம் என்று பார்க்கவில்லை. இவன் கண்ணிலும் அது இல்லை. யோசித்துப் பார்த்தால் என்றைக்குமே இருந்ததில்லை. தான்தான் இல்லாத ஒன்றுக்கு இத்தனை வருடம் பயந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

“அன்பு,” என்றாள்.

சார் இல்லாத அந்தப் பெயரைக் கேட்டு அவன் நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டான்.

“சொல்லுங்க குணா.”

“டாக்டர்கிட்ட எல்லாம் கேட்டு வெச்சிருக்கேன். மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டு, ஜாக்கிரதையா இருந்தா, கூட வாழறவங்களுக்கு ஆபத்து ரொம்பக் கம்மியாம். நீங்களும் ஒரு தடவை அவர்கிட்ட பேசுங்க. ப்ரீத்திகிட்ட நான் பேசிக்கிறேன், அண்ணிக்கு எப்பவோ தெரியும். பரிதாபப்பட்டு சரின்னு சொல்றதா இருந்தா இப்பவே வேணாம்னு சொல்லிடுங்க, நான் அழுவ மாட்டேன்.” மூச்சை இழுத்து விட்டாள். எதிரில் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது கடக்கும்வரை காத்திருந்தாள், ஒரு சொல்லும் அவன் காதுக்குத் தப்பிவிடக்கூடாது என்று.

“என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?”